நெற்றியில் பார்த்த நிறம்

நமுனுகுல,
14.01.2025

அன்புத் தங்கச்சி ஜெசிந்தினிக்கு,

மாதா துணையால் நான் சுகம். முழங்கால் மட்டும் குளிருக்குக் கொஞ்சம் முனகுகிறது. அது முனகாத தை மாதம் எது? அழகுச் சாமான் கடையில் நாள் முழுக்க நின்று உனக்குக் கால் வீங்குவது குறைந்ததா? சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வைக்கச் சொன்னேனே, வைத்தாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரையைத் தொடாமல் நிற்பது கொழும்புக்குப் போன உனக்கு மறந்திருக்கும். நான் இங்கே "ஹலோ" என்றால் நாலாவது வீட்டு ராசம்மா "யாரு, தங்கச்சியா?" என்று அங்கிருந்தே கேட்கிறாள். இந்தச் செய்தி இப்போதைக்கு அவள் காதுக்குப் போகக் கூடாது.

செய்தி இதுதான். நான் கல்யாணம் கட்டப் போகிறேன். கடிதத்தைக் கீழே வைக்காதே, மேலே படி. மாப்பிள்ளை வெலிமடை யாகோப்பு. சம்பளச் சனிக்கிழமைகளில் தோட்டத்துக்கு லொறியில் மரக்கறி கொண்டுவருகிறவர். மனைவி தவறிப் பல வருஷம். எல்லாருக்கும் லீக்ஸை மண்ணோடு கட்டிக் கொடுக்கிற மனுஷன், எனக்கு மட்டும் மண்ணைத் தட்டித் தருவார். நான் முதலில் கவனிக்கவில்லை. ராசம்மாதான், "ஒன் கட்டுல மட்டும் மண்ணே இல்லையே, என்னாடி விசயம்?" என்றாள். பிறகு நானும் கவனித்தேன். கவனித்ததுதான் தப்பாகப் போயிற்று.

ஐம்பத்தெட்டு வயதில் இது எதற்கு என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அவரோடு பேசிக்கொண்டிருந்தால் பொழுது போவது தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. மகன் சஜீவனிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரிம்மா, அவர லொறிய மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றான். கல்யாணம் உயிர்த்த ஞாயிறு முடிந்து, மே மாதம், பதுளைக் கோயிலில்.

கொழுந்தெடுக்கிற வேலையை விட்டதும் உன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாய். அது எனக்கு மறக்கவில்லை. நேரில் பேசுவோம்.

இப்போது உன்னால் ஆகவேண்டிய காரியம். சஜீவன் கல்யாணத்தில் சலூன் பிள்ளை எனக்குப் பூசிவிட்டதை நீ பார்த்தாய். முகம் வெள்ளை, கழுத்துக் கறுப்பு, தலையை யாரிடமோ இரவல் வாங்கி வைத்த மாதிரி. அந்தப் படம் இன்னும் அவன் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. இந்த முறை படத்தில் நான் இருக்க வேண்டும். பவுண்டேஷன் என்கிறார்களே, நீ விற்பதும் அதுதானே. வெயிலில் காய்ந்த தோல், கன்னத்தில் மங்கு, கண்ணுக்குக் கீழே சுருக்கம். இதற்கு எது பொருந்தும்? வயதை மறைக்க வேண்டாம். என் வயது அவருக்குத் தெரியும், அவருக்கு எத்தனை பல் கட்டியது என்று எனக்கும் தெரியும். பார்க்க நன்றாக இருந்தால் போதும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா பவுலினா


வெள்ளவத்தை,
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. நீங்கள் முழங்காலுக்குத் தைலம் போடவும்.

நீங்கள் கேட்ட விஷயத்தை எழுதுகிறேன். வயது போன தோலுக்குப் பவுடர் ஆகாது. அது சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெடித்த சுவரில் சுண்ணாம்பு அடித்தால் வெடிப்புத்தான் முதலில் தெரியும், அதுபோல. கெட்டியான க்ரீமும் வேண்டாம். தண்ணீர் மாதிரி ஓடுகிற பவுண்டேஷன்தான் சரி. அதற்கு முன்னால் முகத்துக்குச் சாதாரண க்ரீம் தடவி, அது தோலில் இறங்கும்வரை பொறுக்க வேண்டும். காய்ந்த தோலில் எதைப் பூசினாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

மங்கை முழுவதும் மறைக்கப் பார்க்க வேண்டாம். மறைக்க மறைக்கப் பூச்சு தடிக்கும், பூச்சு தடித்தால் பத்து வயது கூடும். முகம் முழுக்க மெல்லிசாக ஒரு தரம், மங்கு இருக்கும் இடத்தில் மட்டும் விரல் நுனியால் இன்னொரு தரம். அவ்வளவுதான்.

நிறம்தான் முக்கியம். இங்கே வருகிற எல்லாரும் தங்கள் நிறத்தைவிட இரண்டு படி வெள்ளையாகக் கேட்கிறார்கள். கொடுத்தால் சாம்பல் பூத்துப் போகிறார்கள். நம்முடைய தோலுக்கு உள்ளே மஞ்சள் ஓடுகிறது, ரோஸ் கலந்தது ஒத்துவராது. மூன்று நிறம் களிம்பு டப்பாக்களில் போட்டு அனுப்புகிறேன். ஒன்று வெளிர், இரண்டு நடுத்தரம், மூன்று கருமை. பகல் வெளிச்சத்தில், வாசலில் நின்று தோலில் பூசிப் பாருங்கள். காய்ந்த பிறகு நிறம் கொஞ்சம் இருளும், ஆகவே பூசிய உடனே முடிவுசெய்ய வேண்டாம். எது தோலோடு தோலாக மறைகிறதோ அதுதான் உங்களுடையது.

பஸ் ஸ்டாண்டில் பெயர் இல்லாத டப்பாவில் வெள்ளை க்ரீம் விற்பார்கள். அதை வாங்கித் தொலைக்காதீர்கள்.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
ஜெசிந்தினி


நமுனுகுல,
22.02.2025

என் தங்கச்சிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். சஜீவனின் மனைவி உன்னை விசாரித்தாள். உன் கால் வீக்கத்துக்கு அங்கே டாக்டரைப் பார்க்க மாட்டாயா?

"வேறு விசேஷம் இல்லை" என்று முடித்திருக்கிறாய். அக்கா கல்யாணம் கட்டுவது கொழும்பில் விசேஷத்தில் சேராதோ? கடிதத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருப்பாய் என்று. க்ரீம் இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, யாகோப்பு இல்லை. போதாக்குறைக்கு என்னை "நீங்கள்" என்கிறாய். பிறந்த நாளிலிருந்து நீ வா போ என்றவள். எனக்கே யாரோ எழுதிய மாதிரி இருந்தது.

சரி, உனக்கு வேலை அதிகமாக இருக்கும். நீ சொன்னபடி செய்தேன். ராசம்மா கொழுந்து எடுக்கப் போன பிறகு, லயத்துப் பின்பக்கம் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு மூன்றையும் பூசிப் பார்த்தேன். காயவும் விட்டேன். மூன்றாம் நம்பர் சேறு தெறித்த மாதிரி இருந்தது. இரண்டாவதும் கோடாகத் தெரிந்தது. முதலாவது நீ எழுதியபடியே தோலோடு தோலாக மறைந்துவிட்டது. ஆக, நான் ஒன்றாம் நம்பர். எனக்கே பெருமையாக இருந்தது, நான் இவ்வளவு வெளுப்பு என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

இன்னொன்று. கோயில் புத்தகத்தில் பெண் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். சாமியார் பெயர் கேட்டார். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் மே 24, சனிக்கிழமை. நீ வந்து பக்கத்தில் நிற்காமல் எனக்கு என்ன கல்யாணம்? வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன்னை எதிர்பார்க்கும்,
அக்கா


வெள்ளவத்தை,
23.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். டாக்டரைப் பார்த்தேன், நிற்பதைக் குறைக்கச் சொன்னார். உட்கார்ந்து விற்கிற கடை எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

நீங்கள் ஒன்றாம் நம்பர் என்பது எனக்கு ஆச்சரியம். மூன்று என்றுதான் நினைத்திருந்தேன். வெயிலுக்குப் போவது நின்றதால் நிறம் தெளிந்திருக்கலாம். அதில் முழுப் போத்தல் ஒன்றும் ஒரு ஸ்பொஞ்சும் அனுப்பியிருக்கிறேன். ஸ்பொஞ்சைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, ஒற்றி ஒற்றி எடுக்கவும். தேய்க்கக் கூடாது. கண்ணுக்குக் கீழே மிகக் குறைவாக. கழுத்துக்கும் கொஞ்சம் இறக்கிவிடவும்.

சித்திரைப் புது வருஷம் முடியும்வரை கடையில் யாருக்கும் லீவு இல்லை. மே மாதமும் இப்போதே சொல்ல முடியாது. கையெழுத்துக்குத்தான் ராசம்மா அக்கா இருக்கிறாரே.

என்னோடு வேலை செய்கிற ஷம்ரா உங்களுக்குக் கல்யாண வாழ்த்துச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ஜெசிந்தினி


நமுனுகுல,
29.04.2025

ஜெசிக்கு,

நான் சுகமில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனது சுகமில்லை. நீயாவது சுகமாக இரு.

ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம்தான். உன்னோடு வேலை செய்கிற, என் முகத்தையே பார்த்திராத பிள்ளை வாழ்த்துகிறது. அதை எழுதுகிற உனக்கு உன் வாழ்த்தை எழுதக் கை வரவில்லை.

கேள். ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கோயிலில் எங்களுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகள் பவுலினாவை இன்னார் மகன் யாகோப்பு கட்டப் போகிறார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. இனி இரகசியம் ஒன்றும் இல்லை. ஊரே பார்க்கப் போகிறதே, ஒத்திகையாக இருக்கட்டும் என்று நீ அனுப்பியதை நீ சொன்னபடியே பூசிக்கொண்டு போனேன். ஒற்றித்தான் எடுத்தேன், தேய்க்கவில்லை. கழுத்துக்கும் இறக்கினேன். பஸ்ஸில் இரண்டு பேர் எழும்பி எனக்கு இடம் கொடுத்தார்கள். மரியாதை என்று நினைத்தேன்.

சாமியார் பெயரை வாசித்ததும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. திரும்பிய தலை திரும்பியபடியே நின்றது. பூசை முடிந்து வாசலுக்கு வந்தால் வெலிமடையிலிருந்து வந்த மனுஷன் என்னைப் பார்த்துப் பதறிப்போய், "என்னங்க பவுலினா, காய்ச்சலா? மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. மொதல்ல ஒக்காருங்க" என்கிறார். "ஒண்ணுமில்லைங்க" என்றால் நம்பவில்லை. சோடா வாங்க ஓடுகிறார். ராசம்மா வேறு, "பயத்துல ரத்தம் எறங்கிருச்சுங்க, புதுப் பொண்ணு இல்லையா" என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாள். கோயில் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். அவர் கையில் சோடாவோடு என்னைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இப்ப தேவலையாயிட்டீங்க" என்றார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சமைக்கும்போது அழுதேன். தலையை இரவல் வாங்கியது போதாதென்று இப்போது சவமாகவும் ஆக்கிவிட்டாய். போகட்டும். கல்யாணத்துக்கு நான் ஒன்றும் பூசப் போவதில்லை. கையெழுத்தை ராசம்மாவே போடட்டும். நீ லீவு கேட்டுச் சிரமப்பட வேண்டாம்.

பவுலினா


வெள்ளவத்தை,
04.05.2025

அக்கா,

சுகம் விசாரிக்க நேரம் இல்லை, இதை இன்றைக்கே போட வேண்டும்.

அந்த மூன்று நிறத்தையும் நீ எங்கே பூசிப் பார்த்தாய்? நெற்றியிலா? நெற்றியில்தான். நேற்றுக் கடையில் ஒரு அம்மாவுக்குத் தாடையில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது, கை அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் உன் நெற்றி வெயிலையே பார்த்ததில்லை அக்கா. தலைத்துணியை இழுத்துக் கட்டி, அதற்கு மேல் கூடைக் கயிற்றைப் போட்டுக்கொண்டுதானே மலை ஏறினாய். நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். கொழுந்தெடுத்த எல்லாருக்கும் அப்படித்தான். நெற்றிக்குப் பொருந்தியதை முகம் முழுக்கப் பூசினால் காய்ச்சல்காரி மாதிரித்தான் இருக்கும். தாடையில், கழுத்துக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். கடையில் நானே தொட்டுப் பார்ப்பதால் அதைச் சொல்லிப் பழக்கம் இல்லை. உனக்கும் எழுதாமல் விட்டுவிட்டேன். தோட்டத்தில் பிறந்த எனக்கே அது தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

நான் உன்னை வாழ்த்தவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றுதான். நீ வேலையை விட்டதும் இங்கே வந்துவிடுவாய் என்று ஒற்றை அறையை விட்டு இரண்டு அறை வீடு பிடித்தேன். ஜன்னல் பக்கம் உனக்கு. அங்கிருந்து கடல் தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். உனக்கு என்று கட்டிலும் வாங்கிப் போட்டேன். கடை விட்டு வந்தால் பேச ஒரு ஆள் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கோயிலுக்குப் போகலாம், வயதான காலத்தில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு கிடக்கலாம் என்று என்னவெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன். நீ மண் தட்டிய லீக்ஸைப் பற்றி எழுதுகிறாய்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அந்த மனுஷன் நல்லவர் என்று தெரிவதால் இன்னும் கூடுதலாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் தடுக்கலாம்.

ஜெசி


நமுனுகுல,
09.05.2025

என் ஜெசிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் சுகம். மூன்று மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் நீ எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய், அதற்கு முன்னால் வந்ததெல்லாம் கடைக்காரி எழுதியது.

ஆமாம், நெற்றியில்தான். சிலுவை போடுகிறதை நெற்றியில்தான் தொடங்குகிறோம், ராசம்மா திருநீறு பூசுவதும் நெற்றியில்தான். பூசு என்றால் கை தானாக அங்கேதான் போகும். தாடையில் போய் யார் பூசிப் பார்ப்பார்கள்?

கொழும்புக்கு வா வா என்று நீ கேட்டபோதெல்லாம் "பார்ப்போம்" என்றேன். வரமாட்டேன் என்று உன் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. அதை நீ வருவேன் என்று எடுத்துக்கொண்டாய். எனக்கு அந்த ஊர் பயம் ஜெசி. அந்த இரைச்சலில் நீ கடைக்குப் போனபின் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இங்கே ராசம்மாவாவது எட்டிப் பார்க்கிறாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். உனக்கு இருபது வயதில் வேலைக்கென்று பதுளையில் ரயில் ஏறினாய். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்திருந்த நேரம். சஜீவன் கைக்குழந்தை, அவன் அப்பாவும் தவறியிருந்தார். இருந்த ஒரே துணை நீ. மேடையில் நின்று கையாட்டினேன். வண்டி வளைவில் மறைந்த பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் போகாதே என்று நான் சொல்லவில்லை. நீ அங்கே நன்றாக இருப்பாய் என்று தெரிந்தது, அனுப்பிவிட்டேன். இப்போது உன் முறை.

பொறாமைப்படு, அது பரவாயில்லை. பொறாமைப்பட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் நில். சாமியாரிடம் கொடுத்த பெயரை நான் இன்னும் மாற்றவில்லை.

உன்
அக்கா


வெள்ளவத்தை,
16.05.2025

அக்கா,

இங்கே மழை, மற்றபடி சுகம்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். நிறம் பார்க்க மட்டும்தான் வருகிறேன், வேறு எதற்கும் இல்லை. தபாலில் நிறம் சொல்கிற வேலையை இனி நான் செய்ய மாட்டேன்.

அதுவரை முகத்தில் ஒன்றையும் பூசாதே. இரண்டு நேரமும் சாதாரண க்ரீம் மட்டும். கோயிலில் பேனா ஒழுங்காக எழுதுமா என்று பார்த்து வைக்கச் சொல்.

ஜெசி


வெலிமடை,
10.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

புது விலாசத்திலிருந்து எழுதுகிற முதல் கடிதம். நாங்கள் இரண்டு பேரும் சுகம். ஊருக்குப் போய்க் காலைத் தூக்கி வைத்துப் படுத்தாயா, இல்லை அடுத்த நாளே கடைக்கு ஓடினாயா?

இங்கே குளிர் நமுனுகுலையை மிஞ்சுகிறது. வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்குப் பாத்தி. சுவர் கூரையைத் தொடுகிறது. முதல் நாள் அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை, ராசம்மா இருமுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. இவர் விடியுமுன் எழும்பி ரேடியோவைப் போட்டுக்கொண்டு தேநீர் ஊற்றுகிறார். தேநீர் சகிக்காது. நான் வாழ்க்கை முழுக்கக் கொழுந்து எடுத்தவள், எனக்கே அதைக் கொடுக்கிறார். குடித்துவிடுகிறேன். சந்தோஷமாக இருக்கிறேன் ஜெசி, அதை மறைப்பானேன்.

கல்யாணப் படம் வந்தது. ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். படத்தில் இருப்பது நான்தான். கன்னத்து மங்கு கொஞ்சம் தெரிகிறது, சிரித்த இடத்தில் சுருக்கம் தெரிகிறது, முகமும் கழுத்தும் ஒரே ஆளுடையது. அன்றைக்குக் காலை நீ என்னை வாசலில் உட்கார்த்தி, தாடையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, உன் புறங்கையில் மூன்றாம் நம்பரோடு இரண்டைக் கொஞ்சமாகக் கலந்து, "கண்ண மூடு, வாய மூடு" என்று அதட்டிக்கொண்டே பூசினாயே. இவர் என்னைப் பார்த்ததும் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டார். பிறகு பூசைப் பாட்டை எல்லாருக்கும் முந்தித் தப்பாகப் பாடினார். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

படத்தில் உன்னைத்தான் அதிக நேரம் பார்த்தேன். என்னோடேயே நேரம் போய்விட்டதால் நீ ஒன்றும் பூசாமல் நின்றிருக்கிறாய். கடைக்காரி முகத்தில் கடைச் சாமான் இல்லை. உன் கன்னத்திலும் அதே இடத்தில் மங்கு இருக்கிறது. எத்தனை வருஷமாகப் பூசி மறைத்தாய்? அம்மாவுக்கும் அங்கேதான் இருந்தது.

ஒரே ஒரு குறை. கையெழுத்துப் போட்டாய், சாப்பிட்டாய், மாலை வண்டிக்குப் புறப்பட்டுவிட்டாய். இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வணக்கம் சொன்னதற்குத் தலையை ஆட்டினாய். இவர் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. "ஒங்க தங்கச்சிக்கு நம்மள பிடிக்கலையோ?" என்று ஒரு தரம் கேட்டார். இல்லை, அவள் அப்படித்தான் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுது.

அக்கா


வெள்ளவத்தை,
22.06.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கொழுந்தியாள் ஜெசிந்தினி எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் ஆண்டவர் நிழலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்.

உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச அன்றைக்கு என்னால் முடியவில்லை. பேசியிருந்தால் கோயில் வாசலில் அழுதிருப்பேன். உங்களைப் பிடிக்காமல் அல்ல, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அக்காவைக் கட்டியது நல்ல காரியம். இதை அக்காவுக்கு எழுத எனக்குத் தை மாதத்திலிருந்து கை வரவில்லை. உங்களுக்கு எழுதுவது சுலபமாக இருக்கிறது.

கட்டிக்கொடுக்கும்போது பெண்ணைப் பற்றிச் சொல்லி அனுப்ப எங்களுக்கு அம்மாவும் அப்பாவும் இல்லை. சஜீவன் ஆண் பிள்ளை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே சின்னவளாக இருந்தாலும் நான்தான் சொல்ல வேண்டும்.

அக்கா மற்றவர்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள். பசி இல்லை என்பாள். நம்பாதீர்கள், ஒரே தட்டில் போட்டு முன்னால் வையுங்கள். மீன் தலை அவளுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து எனக்கே வைப்பாள், உங்களுக்கும் அப்படியே செய்வாள். இடி இடித்தால் பயம், ஆனால் பயம் வந்தால் நிறையப் பேசுவாள். மழை நாளில் அவள் ஓயாமல் கதை சொன்னால் நீங்கள் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். புதுச் சேலை வாங்கிக் கொடுத்தால் இரண்டு வருஷம் பெட்டியில் வைப்பாள். பெட்டியைத் திறந்து நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

பாராட்டினால் அவளுக்குக் கோபம் வரும். விடாமல் பாராட்டுங்கள்.

உண்மையாகவே கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரம் கழுவுவாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள். அப்போது சமாதானம் சொல்லப் போகாதீர்கள், வெளியேயும் போய்விடாதீர்கள். ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, அவள் கழுவிக் கொடுப்பதைத் துடைத்து வையுங்கள். கடைசிப் பாத்திரம் வரும்போது அவளாகவே பேசுவாள்.

சின்ன வயதிலிருந்து அது என் வேலை. இனி உங்களுடையது.

உங்கள் கொழுந்தியாள்,
ஜெசிந்தினி